சமுதாயக் கூடத்தில் தற்காப்புக் கலை வகுப்பு: கராத்தேயா, சிலம்பமா, எதைக் கொண்டு தொடங்குவது?

சென்னிமலை அடிவாரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சென்னிமலையிலிருந்து காங்கேயம் போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஊராட்சிக்குச் சொந்தமான சமுதாயக் கூடம் ஒன்று முகூர்த்த நாட்களிலும், வள்ளிக்கும்மிப் பயிற்சி நடக்கும் சனிக்கிழமை இரவுகளிலும் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கிறது. ஊரில் பாதிப் பேர் தறிக்கும், மீதிப் பேர் பெருந்துறை சிப்காட்டுக்கும் போகிறவர்கள். பிள்ளைகள் ஐந்தரை மணிக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கினால், பெற்றோர் வீடு திரும்பும் எட்டு மணிவரை அவர்களுக்குத் துணை கைப்பேசிதான்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுக்கலாம் என்று மகளிர் குழுவினர் கேட்டார்கள். பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. இதுவரை 32 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வயது 6 முதல் 15 வரை. அவர்களில் 14 பேர் பெண் பிள்ளைகள். தாய்மார்கள் நான்கு பேர் தாங்களும் வரலாமா என்று தயக்கத்தோடு கேட்டிருக்கிறார்கள்.

சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் நகரத்திலிருந்து வரும் கராத்தே மாஸ்டர். கராத்தே ஒலிம்பிக் விளையாட்டு என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவதாகவும் சொல்கிறார். மற்றவர் பக்கத்து ஊரில் அறுபது வயதைக் கடந்த சிலம்ப வாத்தியார். சான்றிதழ் எதுவும் இல்லை. கட்டணம் என்னவென்று கேட்டதற்கு, "பிள்ளைக வரட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பெற்றோர்கள் கராத்தே பக்கம் சாய்கிறார்கள், எனக்கோ முடிவெடுக்கத் தெரியவில்லை. கூடம் 40 அடிக்கு 25 அடி, உயரம் 10 அடி, நான்கு மின்விசிறிகள், தரை முழுவதும் வழுவழுப்பான டைல்ஸ். கூடத்துக்கு முன்னால் ஒரு சிமெண்ட் களம் உண்டு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெருந்துறை கட்டா மறுமொழி:

வணக்கம் ஐயா. நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கராத்தே பயில்கிறேன், அவற்றில் பத்து ஆண்டுகள் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆகவே கராத்தேவைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த மாஸ்டர் சொன்ன ஒலிம்பிக் கதையை மட்டும் நேராக்கிவிடுகிறேன். கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது ஒரே ஒரு முறைதான். அது கொரோனாவால் தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ 2020 போட்டி. பாரிஸ் 2024-இல் அது இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் 2028-இலும் சேர்க்கப்படவில்லை. நிலையாக இருப்பவை 1964-இல் நுழைந்த ஜூடோவும், 2000-ஆம் ஆண்டு சிட்னி முதல் பதக்கப் போட்டியாக நடக்கும் டேக்வாண்டோவும்தான். உங்கள் ஊர்ப் பிள்ளை ஒலிம்பிக் போகிறதோ இல்லையோ, வாசலிலேயே பாதி உண்மையைச் சொல்லிச் சேர்ப்பவரிடம் மற்றவற்றையும் கேட்டுத் தெளிவது நல்லது.

பெல்ட் விஷயம் இதைவிட முக்கியம். 1882-இல் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ தம் மாணவர்களின் தேர்ச்சியைக் குறிக்க வகுத்த முறையைத்தான், ஒகினாவா தீவிலிருந்து ஜப்பானின் முதன்மைத் தீவுக்குக் கராத்தேவைக் கொண்டுபோன ஃபுனாகோஷி 1920-களில் எடுத்துக்கொண்டார். பலவண்ணப் பெல்ட்டுகள் அதற்கும் பின்னால் வந்தவை. பிள்ளைகளுக்கு அது நல்ல ஊக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாரம் மூன்று வகுப்பு தவறாமல் வந்தாலும் பிளாக் பெல்ட்டுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங் (பெல்ட் தேர்வு) என்று நாள் குறித்துவிட்டு அதற்குள் பிள்ளையைத் தயார் செய்வது, காய் முற்றும் முன்பே பறித்துப் பழுக்க வைப்பது போலத்தான். கிரேடிங் கட்டணம் எவ்வளவு, தேர்ச்சி பெறாத பிள்ளை உண்டா, சான்றிதழில் கையெழுத்திடும் சங்கம் எது, அவருடைய பிரிவு ஷோட்டோகானா, கோஜு-ரியுவா, ஷிட்டோ-ரியுவா, வாடோ-ரியுவா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை எதுவானாலும் பரவாயில்லை. விடை வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து உங்கள் டைல்ஸ் தரை. என் வகுப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன், தவறு என்னுடையதுதான். தரையில் விரிக்கும் மேட் வாங்கக் கையில் பணம் இல்லை என்று டைல்ஸ் மீதே வகுப்பைத் தொடங்கினேன். இரண்டாம் வாரம் பத்து வயதுப் பையன் ஒருவன் சுழற்றி உதைக்கும்போது, ஊன்றிய கால் அவனுடைய வியர்வையிலேயே வழுக்கியது. கையை ஊன்ற நேரமில்லாமல் தாடை தரையில் மோதியது, மூன்று தையல். அன்றிலிருந்து மேட் இல்லாமல் நான் யாரையும் உதைக்க விடுவதில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் ரப்பர் போன்ற மேட்டுகள் கிடைக்கின்றன. போட்டிக் களம் 8 மீட்டர் சதுரம், அதாவது 64 மேட். உங்கள் கூடத்தின் அகலம் 25 அடி, அதாவது ஏறத்தாழ 7.6 மீட்டர்தான் என்பதால் அது முழுதாக அடங்காது; அகலத்தில் ஏழு மேட் வரைதான் போட முடியும். கராத்தேவுக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமன் போதும். தூக்கிப் போட்டு விழும் ஜூடோவுக்கு 40 மில்லிமீட்டர் வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாஸ்டரிடம் சொல்லாமல் அவருடைய இப்போதைய வகுப்பு ஒன்றுக்குப் போய் ஒரு மணி நேரம் பின்னால் உட்காருங்கள். முன்வரிசையில் துள்ளும் பிள்ளையைப் பார்க்க வேண்டாம். பின்வரிசையில் தடுமாறும் பிள்ளையிடம் அவர் எத்தனை முறை போகிறார் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

காங்கேயம் கம்புக்காரன் மறுமொழி:

கட்டாக்காரர் சொன்னதெல்லாம் சரி. சிலம்பம் என்று வரும்போது உங்கள் கூடத்தை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நெற்றி மட்டம் வரை கம்பு என்றால் ஏறக்குறைய நாலே முக்கால் அடி. கையை நீட்டிச் சுழற்றும்போது சுற்றிலும் ஆறடி வெற்றிடம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு 12 அடி விட்டம் ஆகிறது. 40 அடியில் மூன்று பேர், 25 அடியில் இரண்டு பேர், ஆக ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் கம்பு வீச முடியும். 32 பேரில் மீதி 26 பேர் சுவரோரம் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். அதே கூடத்தில் கராத்தே என்றால், ஆளுக்கு ஆறடிச் சதுரம் வீதம் 24 பேரை நிறுத்திவிடலாம்.

மின்விசிறியும் ஒரு வில்லங்கம். பத்தடிக் கூரையிலிருந்து தண்டோடு தொங்கும் விசிறியின் இறக்கை எட்டரை அடியில் சுழலும். பெரிய பையன் தலைக்கு மேல் கம்பைச் சுற்றினால் அது எட்டாத உயரம் அன்று. எங்கள் ஊர் மண்டபத்தில் ஒருமுறை இறக்கை வளைந்து, அந்த விசிறி இன்றைக்கும் "டக்கு டக்கு" என்றுதான் ஓடுகிறது. ஆகவே சிலம்பத்துக்கு உங்கள் களமே தக்க இடம், கூடம் அன்று.

அதற்காகச் சிலம்பத்தை ஒதுக்கிவிட வேண்டாம். பலர் கம்பு சுற்றுவதையே சிலம்பம் என்று எண்ணுகிறார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா). முதல் நாற்பது நாள் அவர் என் கையில் கம்பைக் கொடுக்கவே இல்லை. களத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, அதன் மீது முன்கால், பின்கால், திரும்பு, அமர் என்று காலடி மட்டும் போட வைத்தார். நான் கையைப் பார்த்துக்கொண்டு ஆடினால், "கை தானா வரும் கண்ணு, காலு எங்க நிக்குதுன்னு பாரு" என்று முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். காலடி படிந்த பிறகு வணக்கம் செலுத்தும் சலாம் வரிசை, பிறகு ஒற்றைக் கம்பு வீச்சு, பிறகு வாரல், தடுப்பு. இரட்டைக் கம்பும், மான்கொம்பால் ஆன ஆயுதமும், வளைந்து சுருளும் தகடான சுருள்வாளும் மிகப் பின்னால் வருபவை. சுருள்வாளைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வாத்தியார் எதில் தொடங்குகிறார் என்று கேளுங்கள். காலடி என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். முதல் வாரமே தீப்பந்தம் சுற்றவைத்துப் படம் எடுப்பவர் என்றால் வேண்டாம்.

சான்றிதழ் இல்லையே என்று பெற்றோர்கள் தயங்குவது புரிகிறது. சிலம்பம் இன்று முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இருக்கிறது; கேலோ இந்தியாவின் மரபு விளையாட்டுகளில் இருக்கிறது; 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. போட்டிக்குப் போக விரும்பும் பிள்ளையை, வேண்டும்போது மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் வழியாக அனுப்பிக்கொள்ளலாம். தீரன் சின்னமலை பிறந்த மண்ணில் இருந்துகொண்டு சிலம்பத்தின் பெருமையை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெருமைக்காக மட்டும் பிள்ளையைச் சேர்த்தால் பிள்ளை மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

ஈரோட்டு அம்மா மறுமொழி:

மூவரும் தரையையும் கூரையையும் அளந்துவிட்டீர்கள். 14 பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதால் நான் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் என் அனுபவம். என் மகளை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தேன், பெயர் வேண்டாம். பதினான்கு மாதத்தில், பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரௌன் பெல்ட் கட்டிவிட்டாள். ஒவ்வொரு கிரேடிங்குக்கும் 1,500 ரூபாய், அதற்கு மேல் கோப்பை, மெடல், படம் என்று தனியாக. ஒருநாள் அவளுடைய அப்பாரு (அப்பாவின் அப்பா) ஆசையாக, "அம்மணி, முதல்ல படிச்சதச் செஞ்சு காட்டு" என்று கேட்டபோது, அவளுக்கு முதல் கட்டாவின் (வரிசையாகச் செய்துகாட்டும் அசைவுகளின்) பாதிக்கு மேல் நினைவில் இல்லை. குழந்தை அழுதுவிட்டாள். சுவரில் ஏழு சான்றிதழ்கள் தொங்குகின்றன. அவற்றைக் கழற்றவும் மனமில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

இப்போது உங்கள் கூடத்துக்கு வருவோம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். சமுதாயக் கூடங்களில் கல்யாணத்தன்று மட்டும் தண்ணீர் ஏற்றுவார்கள். இது இல்லாவிட்டால் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை காரணம் சொல்லாமலே நின்றுவிடுவாள், நீங்களும் ஆர்வம் இல்லை என்று எழுதிக்கொள்வீர்கள். மாதவிடாய் நாட்களில் வராவிட்டால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வந்தால் தடுக்கவும் கூடாது.

சொல்லிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும், வகுப்பு நேரம் முழுவதும் ஒரு தாயாவது கூடத்தில் இருக்க வேண்டும். தயக்கத்தோடு கேட்ட அந்த நான்கு தாய்மார்களையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டது போலவும் ஆகும், காவல் போலவும் ஆகும். நிற்கும் நிலையைத் திருத்த உடலைத் தொடாமல் கம்பின் நுனியால் சுட்டிக்காட்டலாம், தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் தொடலாம் என்பதை முதல் நாளே எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்து நன்னடத்தைச் சரிபார்ப்பு அறிக்கை பெறலாம். உள்ளூர் வாத்தியார் என்றாலும் கேளுங்கள், நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றியும், குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த வகுப்பைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. யாரேனும் தவறாகத் தொட்டால் கத்துவதும், ஓடுவதும், வீட்டில் சொல்வதும் தற்காப்புதான்; நம் வகுப்புகளில் பெரும்பாலும் உதைப்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருக்கிறதா என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ வீட்டுக்கு அனுப்பாமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

அந்தியூர் வாய்க்கால் மறுமொழி:

நான் எந்தக் கலையும் அறியாதவன். எங்கள் ஊராட்சியில் இதேபோல ஒரு கூடத்துக்குச் சாவி வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இத்தகைய வகுப்புகள் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் முகூர்த்தம்தான். வைகாசியில் தொடங்குவார்கள், இரண்டாம் வாரமே கல்யாணம், அடுத்த வாரம் திரட்டுச் சீர் (பூப்பு விழா), அதற்கடுத்து காதுகுத்து. மூன்று வகுப்பு போனால் பிள்ளைகளுக்கு வரும் பழக்கம் விட்டுவிடும்.

ஆகவே ஆடி முதல் வாரம் தொடங்குங்கள். அந்த மாதம் முழுவதும் கூடம் உங்களுடையது. ஆடிக் காற்றில் களத்துத் தூசி கண்ணைத் திறக்க விடாது என்பதால் வெளியே கம்பு சுற்றுவதும் அப்போது ஆகாது. கம்புக்காரர் சொன்னபடி முதல் நாற்பது நாள் காலடி மட்டும் என்றால், அதைக் கூடத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். காலடியில் உதைப்பது இல்லையென்பதால் மேட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தரையை உலர்த்தித் துடைத்துக்கொண்டே இருந்தால் போதும். ஆவணியில் கல்யாணங்கள் தொடங்கும்போது காற்று அடங்கியிருக்கும், பிள்ளைகள் கையில் கம்பு வந்திருக்கும், நீங்கள் களத்துக்கு இறங்கிவிடலாம். ஐப்பசி மழையை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வாய்ச்சொல்லை நம்பி வகுப்பைத் தொடங்காதீர்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது; அடுத்து வருவது ஆகஸ்ட் 15 என்றால் அதில் ஒரு தீர்மானமாக வைத்து, கிழமை, நேரம், மின்கட்டணம் யார் பொறுப்பு, சாவி யாரிடம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதுவரை ஊராட்சியில் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொண்டால் போதும்.

கட்டணத்தை மாதத்துக்கு 200 என்று கேட்காமல் வாரத்துக்கு 50 என்று கேளுங்கள். தறிக்காரருக்குக் கூலி வாரக் கடைசியில்தான் கைக்கு வரும். மாத நடுவில் 200 ரூபாய் கேட்டால் பிள்ளையை நிறுத்திக்கொள்வார்.

சென்னிமலை அடிவாரம்:

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கராத்தே மாஸ்டரின் வகுப்புக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். குறை சொல்ல முடியாத உடற்பயிற்சி, நல்ல குரல். ஆனால் ஒரு மணி நேரத்தில் பின்வரிசைக்கு அவர் ஒருமுறைதான் வந்தார். அதுவும் பேசிக்கொண்டிருந்த பையனை அதட்டுவதற்கு. முதல் ஆறு மாதம் கிரேடிங் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்துபோகும் பெட்ரோலுக்கே கட்டுப்படியாகாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவர் நிலையில் அது நியாயம்தான்.

மறுநாள் வாத்தியாரிடம் போனேன். எதில் தொடங்குவீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் சாணம் தெளித்த ஈரத்தில் நான்கு காலடி வைத்துக் காட்டினார். அவர் நகர்ந்த பிறகு பார்த்தால், தரையில் பதிந்த நான்கு தடங்களிலும் பெருவிரல் ஒரே திசையில் இருந்தது. காவல்துறை அறிக்கையைப் பற்றித் தயங்கித்தான் சொன்னேன். "அதெல்லாம் வாங்கிக்கோணுங்க, இல்லாட்டி நாளைக்கு உங்களையத்தான் கேப்பாங்க" என்றார்.

ஆகவே ஆடி முதல் செவ்வாய்க்கிழமை சிலம்பத்தோடு தொடங்குகிறோம். செவ்வாய், வியாழன் மாலை ஆறு முதல் ஏழரை வரை. ஞாயிறு காலை பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். நான்கு தாய்மார்களும் வருகிறார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது ஈரோட்டு அம்மா எழுதிய பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது, போட்டாயிற்று. ஆவணியில் களத்துக்கு இறங்குவதில் ஒரே சிக்கல், அங்கே தேங்காய்ப் பருப்பு காய வைக்கிறார்கள். மாலையில் அள்ளிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் இருக்குமே, வழுக்காதா? 32 கம்புகளையும் இப்போதே வாங்கிவிடலாமா?

காங்கேயம் கம்புக்காரன்:

பருப்புக் காய்ந்த களம் வழுக்கத்தான் செய்யும். அள்ளியதும் மரத்தூள் தூவிக் கூட்டிவிட்டால் பிசுக்கை இழுத்துக்கொள்ளும்; எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறோம். கம்பை இப்போது வாங்க வேண்டாம். நாற்பது நாளில் ஏழெட்டுப் பேர் நின்றுவிடுவார்கள், புதிதாக நான்கு பேர் வருவார்கள். ஆடிக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் நிறுத்தி, நெற்றி மட்டத்தில் கரிக்கோடு போட்டு அளவு எடுத்துக்கொண்டு போங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பிரம்பும், பெரியவர்களுக்குக் கணு நெருங்கிய கெட்டி மூங்கிலும் பாருங்கள். வாங்கி வந்ததும் கணுவைத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவித் தரையில் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே மாதத்தில் வளைந்துவிடும். ஆளுக்கு இரண்டு அங்குலம் நீளமாகவே அறுத்து வாங்குங்கள், பிள்ளைகள் வளரும் வயது.